ஓஆத் 1.0: அடைப்புக்குறி உள்ள தலைப்புகளுக்கு மட்டும் கையொப்பம் செல்லாது என்கிறது

படிமக்காரன் கேட்டது:

வணக்கம். விக்கிமீடியா காமன்ஸில் இருக்கும் தமிழ்நாட்டுக் கோயில் படங்களுக்குப் பகுப்பும் விளக்கமும் சேர்க்க நண்பர்கள் சேர்ந்து ஒரு கருவி எழுதிக்கொண்டிருக்கிறோம். நோட் ஜேஎஸ். பயனர் தன் கணக்கிலிருந்து அனுமதி கொடுப்பார், கருவி அவர் பெயரில் திருத்தும். இப்படி அனுமதி வாங்கும் முறைதான் ஓஆத், அதன் 1.0, 2.0 பதிப்புகள் இரண்டும் அங்கே ஓடுகின்றன. 1.0-ல் ஒவ்வொரு கோரிக்கையிலும் கையொப்பம் இருக்க வேண்டும். நாங்கள் 1.0-க்குத்தான் பதிவு செய்திருக்கிறோம், இப்போதைக்கு அதிலேயே போகிறோம்.

வெளி லைப்ரரி எதையும் சேர்க்கவில்லை. ஹெல்ப்பர் ஃபங்ஷன்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன: சரத்தின் எழுத்துகளை %20 போன்ற வடிவில் குறியாக்கும் எஸ்கேப், அளவுருக்களை வரிசைப்படுத்துவது, கையொப்பமிட வேண்டிய சரமான பேஸ் ஸ்ட்ரிங்கைக் கட்டுவது, ஒரு முறை மட்டும் பயன்படும் தற்செயல் சரமான நான்ஸ், நேரமுத்திரை, கடைசியாக ஆத்தரைசேஷன் ஹெடரைக் கோப்பது. எஸ்கேப் ஃபங்ஷன் உள்ளே ஜாவாஸ்கிரிப்டின் என்கோட்யூஆர்ஐகாம்போனன்ட்டை அழைக்கிறது, வேறொன்றும் செய்வதில்லை.

படத்தின் பெயர் ‘மாமல்லபுரம் கடற்கரைக் கோயில்’ என்று இருந்தால் திருத்தம் ஒழுங்காகப் போகிறது. ‘மாமல்லபுரம் (1)’ என்றால் கையொப்பம் செல்லாது என்று பதில் வருகிறது. முதலில் தமிழ் எழுத்துகள்தான் காரணமோ என்று பார்த்தோம். இல்லை, வெறும் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் போகின்றன. ஆங்கிலப் பெயரிலும் அடைப்புக்குறி இருந்தால் தவறுகிறது. திருத்தச் சுருக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டாலும் இதே கதைதான்.

இன்னொரு விஷயம். எங்களில் ஒருவர், எஸ்கேப் ஃபங்ஷனுக்குள்ளேயே சரத்தின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை வெட்டி, யூனிகோட் வடிவத்தைச் சீராக்கி, ஏற்கெனவே குறியாக்கிய சரமாக இருந்தால் தொடாமல் விட்டுவிடலாம் என்கிறார். அப்படிச் செய்தால் மற்ற இடங்களில் யாரும் கவலைப்பட வேண்டாம் என்பது அவர் வாதம். இன்னொருவர் கூடாது என்கிறார். எது சரி?


அரைப்புள்ளி:

முதல் கேள்விக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். என்கோட்யூஆர்ஐகாம்போனன்ட் ஐந்து குறிகளைத் தொடாமல் விடும்: ! ' ( ) *. ஓஆத் 1.0-ன் விதிப்படி ஆங்கில எழுத்துகள், எண்கள், பிறகு - . _ ~ ஆகிய நான்கு, இவற்றைத் தவிர மற்ற எல்லாமே குறியாக்கப்பட வேண்டும். அதாவது உங்கள் ( என்பது %28 ஆக வேண்டும், ) என்பது %29, ! என்பது %21, ' என்பது %27. நட்சத்திரக்குறிக்கும் அப்படியே. அந்த ஃபங்ஷன் தரும் விடையில் இந்த ஐந்தையும் தேடி மாற்றிவிடுங்கள், வேலை முடிந்தது. பதினறும எண்ணில் எழுத்து வந்தால் பெரிய எழுத்தாக இருக்கட்டும், சின்ன எழுத்து செல்லாது.


சரிபார்ப்பவள்:

அரைப்புள்ளி சொன்னது சரி. இரண்டாவது கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் பல வருடங்கள் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சர்வர் பக்கத்தில் வேலை பார்த்தவள். அங்கே வந்து விழும் தவறான கோரிக்கைகளில் ஹேஷ் கணக்கு தவறியதை நான் பார்த்ததே அரிது. கையொப்பத்தைக் கணக்கிடும் எச்மேக்-ஷா1 ஹேஷ் எந்த நிரல் மொழியிலும் ஒரே விடைதான் தரும். தவறுவதெல்லாம் அதற்குள் போகும் சரத்தில். அந்தச் சரத்தைக் கட்டுபவை நீங்கள் சொன்ன அந்தச் சின்னச் சின்ன ஹெல்ப்பர்கள். அதனால் அந்தக் கோப்பை யாரும் உதிரி வேலையாக நினைக்கக் கூடாது. லைப்ரரியின் உயிரே அதில்தான் இருக்கிறது.

முதலில் உங்கள் (1) எப்படிப் போகிறது என்று பாருங்கள். பெயரின் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம், அதாவது ஓர் இடைவெளியும் (1)-உம். சரியான எஸ்கேப் இதை %20%281%29 ஆக்கும். அளவுருக்களை எல்லாம் இப்படிக் குறியாக்கி, வரிசைப்படுத்தி, & போட்டுக் கோத்த பிறகு அந்த நீளச் சரம் முழுவதையும் இன்னொரு முறை குறியாக்கித்தான் பேஸ் ஸ்ட்ரிங்கில் வைக்கிறோம். அப்போது ஒவ்வொரு % குறியும் %25 ஆகிவிடும். ஆக சர்வர் கட்டும் பேஸ் ஸ்ட்ரிங்கில் இருப்பது %2520%25281%2529. உங்களுடையதில் இருப்பது %2520(1). இரண்டு சரம், இரண்டு ஹேஷ். சர்வரால் ‘செல்லாது’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. ஹேஷிலிருந்து எந்த எழுத்து மாறியது என்று பின்னோக்கிப் போக வழியில்லை.

தமிழ் ஏன் பிழைத்தது என்றால், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-ல் மூன்று பைட். மூன்றுமே கட்டாயம் குறியாக்கப்படும் வகை, எந்த மொழியின் ஃபங்ஷனும் அதில் சலுகை காட்டாது. ‘மாமல்லபுரம்’ என்பதில் துணைக்கால், புள்ளி எல்லாம் சேர்த்துப் 11 குறியீடுகள். முதல் குறியாக்கத்தில் 99 எழுத்துகளாகவும் பேஸ் ஸ்ட்ரிங்கில் 165 எழுத்துகளாகவும் நீளும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் தவறாது. தவறுவது ஆஸ்கியின் அந்த ஓரத்துக் குறிகளில்தான். அதுவும் மொழிக்கு மொழி வேறு இடத்தில் தவறும். ஜாவாவின் யூஆர்எல்என்கோடர் இடைவெளியை + ஆக்கும், நட்சத்திரத்தை விட்டுவிடும், ~ குறியைத் தேவையில்லாமல் குறியாக்கும். பைத்தானின் குவோட் ஃபங்ஷன் ஒன்றும் சொல்லாவிட்டால் சாய்கோட்டைத் தொடாது, 3.7-க்கு முந்தைய பதிப்புகளில் ~ குறியையும் குறியாக்கிவிடும். நீங்கள் பின்னால் வேறு மொழிக்கு மாற்றினால் அந்த மொழியின் ஃபங்ஷன் எதை விடுகிறது, எதைத் தொடுகிறது என்று முதலில் பாருங்கள்.

இப்போது உங்கள் நண்பரின் யோசனைக்கு வருகிறேன். ‘ஏற்கெனவே குறியாக்கியிருந்தால் தொடாதே’ என்ற விதியை எழுதவே எழுதாதீர்கள். ஒரு சரத்தைப் பார்த்து அது குறியாக்கியதா, அப்படியே எழுதியதா என்று எந்த ஃபங்ஷனாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் திருத்தச் சுருக்கத்தில் ‘முகவரியில் இருந்த %20 நீக்கப்பட்டது’ என்று எழுதுகிறார் என்று வையுங்கள். அது அவர் தட்டச்சு செய்த எழுத்து. அது %2520 ஆக வேண்டும், பேஸ் ஸ்ட்ரிங்கில் %252520 ஆக வேண்டும். உங்கள் புத்திசாலி ஹெல்ப்பர் %20-ஐப் பார்த்ததும் ‘இது முடிந்த வேலை’ என்று விட்டுவிடும். மாதத்தில் ஒரு நாள், யாரோ ஒருவருக்கு மட்டும் கையொப்பம் தவறும், யாராலும் மறுபடி செய்து காட்ட முடியாது. எஸ்கேப் உள்ளே வருவது எப்போதும் மூலச் சரம், வெளியே போவது எப்போதும் குறியாக்கிய சரம். இதில் விதிவிலக்கே கூடாது.

இடைவெளி வெட்டுவதும் அப்படித்தான். கையொப்பத்துக்குப் போகும் பிரதியில் வெட்டிவிட்டு, கோரிக்கையின் உடலில் வெட்டாத சரத்தை அனுப்பினால் கதை முடிந்தது. உள்ளீட்டைச் சுத்தம் செய்வது நல்ல பழக்கம்தான், ஆனால் அதைப் படிவத்தின் வாசலில் செய்யுங்கள். அதற்குப் பிறகு கையொப்பமிடுவதும் அனுப்புவதும் ஒரே மதிப்பாக இருக்கும். விதி சொன்னதை மட்டும் செய்கிற மந்தமான ஹெல்ப்பர்தான் இங்கே நல்ல ஹெல்ப்பர்.

வரிசைப்படுத்தும் ஃபங்ஷனையும் பார்த்துவிடுங்கள். பலர் ‘பெயர்=மதிப்பு’ என்று ஒட்டிய பிறகு அந்தச் சரங்களை வரிசைப்படுத்துவார்கள். பெரும்பாலும் ஓடும். ஆனால் = குறியின் பைட் மதிப்பு 61, எண் 2-ன் மதிப்பு 50. ஓர் அளவுருவின் பெயர் ‘ஏ’, இன்னொன்றின் பெயர் ‘ஏ2’ என்றால், முறைப்படி ‘ஏ’ முதலில் வர வேண்டும். ஒட்டிய பிறகு வரிசைப்படுத்தினால் ‘ஏ2’ முந்திக்கொள்ளும். குறியாக்கிய பெயரை முதலில் ஒப்பிடுங்கள், பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் குறியாக்கிய மதிப்பை ஒப்பிடுங்கள். லோகேல்கம்பேர் பக்கமே போக வேண்டாம், அது மனிதர்களுக்கான அகரவரிசை. இங்கே பைட் வரிசைதான் வேண்டும். விதியை எழுதிய ஆவணம் ஆர்எஃப்சி 5849, 2010 ஏப்ரலில் வந்தது. அதன் 3.4.1.3.2 பகுதியில் ஒரே பெயர் இரண்டு முறை வரும் அளவுரு, காலி மதிப்பு, % குறிக்குள் % குறி எல்லாம் கலந்த ஒரு மாதிரிப் பட்டியல் இருக்கிறது. அதை அப்படியே எடுத்து உங்கள் முதல் யூனிட் டெஸ்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

காமன்ஸ் ஓடும் மென்பொருளான மீடியாவிக்கிக்கென்று இரண்டு சொல்கிறேன். அனுமதிச் சீட்டான டோக்கனை வாங்கும் முகவரியிலேயே கேள்விக்குறிக்குப் பிறகு ‘டைட்டில்’ என்று ஓர் அளவுரு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுத்து மற்ற அளவுருக்களோடு சேர்த்துத்தான் வரிசைப்படுத்த வேண்டும். பேஸ் ஸ்ட்ரிங்கில் வரும் முகவரி கேள்விக்குறிக்கு முன்பே நின்றுவிட வேண்டும். இன்னொன்று, திருத்தம் அந்தப் பயனரிடமிருந்துதான் வருகிறது என்று காட்ட அங்கே வாங்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் எப்போதும் +\ என்ற இரண்டு குறிகளில் முடியும். உடலைக் கையால் ஒட்டிச் செய்திருந்தால் அந்த + சர்வருக்குப் போய்ச் சேரும்போது இடைவெளியாகிவிடும். அதையும் ஒரு டெஸ்ட் சரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். நேரமுத்திரை வினாடியில் இருக்க வேண்டும், டேட்நவ் தருவது மில்லி வினாடி, 1000-ஆல் வகுத்துப் பின்னத்தை விட்டுவிடுங்கள். நான்ஸுக்கு மேத் ரேண்டம் வேண்டாம், கிரிப்டோ மாட்யூலிலிருந்து பைட் எடுங்கள். கையொப்பச் சாவியில் கருவியின் ரகசியம், டோக்கன் ரகசியம் இரண்டுக்கும் நடுவே & வரும், டோக்கன் ரகசியம் இன்னும் கிடைக்காத முதல் கட்டத்திலும் அந்த & இருந்தே ஆக வேண்டும்.


படிமக்காரன்:

நன்றி அக்கா, அரைப்புள்ளிக்கும் நன்றி. ஐந்து குறிகளையும் மாற்றியதும் அடைப்புக்குறிப் பெயர்கள் எல்லாம் போகின்றன. இடைவெளி வெட்டுவதைப் படிவத்துக்கு நகர்த்திவிட்டோம்.

யூனிகோட் சீராக்கலில் மட்டும் சந்தேகம் மிச்சம் இருக்கிறது. படம் எடுத்த ஒருவர் பழைய மேக் வட்டிலிருந்து கோப்புப் பெயர்ப் பட்டியல் கொடுத்தார். அதிலுள்ள ‘கோயில்’ என்ற சொல்லும் காமன்ஸ் திருப்பித் தரும் ‘கோயில்’ என்ற சொல்லும் திரையில் ஒன்றாகவே தெரிகின்றன, ஆனால் ஒப்பிட்டால் பொருந்தவில்லை. இதற்காகத்தான் நண்பர் எஸ்கேப்பில் சீராக்கலாம் என்றார். அப்புறம், 2.0-க்கு மாறினால் இந்தக் கோப்பில் எது மிஞ்சும்?


சரிபார்ப்பவள்:

‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. ஆனால் பைட் வேறு. முதல் வடிவில் ‘கோயில்’ 18 பைட், இரண்டாவதில் 21. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமிக்கும், மீடியாவிக்கி சேர்த்த வடிவில் வைத்துக்கொள்ளும். உயிர்மெய்யில் ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எந்தச் சொல்லிலும் இது நடக்கும். கொடுமுடி, சோழபுரம், கோனேரிராஜபுரம் என்று நம் ஊர்ப் பெயர்களில் பாதி இதில் மாட்டும்.

உங்கள் நண்பர் கண்ட பிரச்சினை உண்மையானது, வைக்க நினைத்த இடம்தான் தவறு. பட்டியலைப் படிக்கும் வரியிலேயே நார்மலைஸ் செய்து என்எஃப்சி என்ற சேர்த்த வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எஸ்கேப்புக்குள் செய்தால் கையொப்பம் 18 பைட்டுக்கு இருக்கும், உடலில் போவது 21 பைட்டாக இருக்கும்.

இதையொட்டி இன்னொன்று. நீளமான விளக்கத்தை ஸ்லைஸால் வெட்டி அனுப்புகிறீர்கள் என்றால் கவனம். தமிழின் வழக்கமான எழுத்துகளுக்கு ஆபத்தில்லை. ஆனால் 2019-ல் யூனிகோட் 12.0 சேர்த்த முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகள் தனித் தொகுதியில் இருக்கின்றன, ஜாவாஸ்கிரிப்டில் அவை ஒவ்வொன்றும் இரண்டு அலகு. இமோஜியும் அப்படித்தான். பாதியில் வெட்டினால் என்கோட்யூஆர்ஐகாம்போனன்ட் பிழை எறிந்து நின்றுவிடும். கல்வெட்டுப் படங்களின் விளக்கத்தில் இந்தக் குறிகள் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பிழையைப் பிடித்துக் கேள்விக்குறியால் நிரப்பும் வேலையை ஹெல்ப்பர் செய்யக் கூடாது. பிழை மேலே வரட்டும், வெட்டும் இடத்தைத் திருத்துங்கள்.


திசைமாற்றி:

2.0 பற்றி நான் சொல்கிறேன், எங்கள் வேலை முழுவதும் அதில்தான். பேஸ் ஸ்ட்ரிங், வரிசைப்படுத்தல், நான்ஸ் மூன்றும் போய்விடும். அங்கே கோரிக்கைக்குக் கையொப்பம் கிடையாது, பேரர் டோக்கனை ஹெடரில் வைத்து அனுப்புகிறோம், அவ்வளவுதான். அடைப்புக்குறியால் தலைவலி வராது. அதற்கு விலையும் உண்டு: டோக்கன் யார் கையில் கிடைக்கிறதோ அவர் அதை அப்படியே பயன்படுத்தலாம். அதனால் புதிதாக வேறு ஹெல்ப்பர்கள் முளைக்கும்.

முதலாவது பிக்ஸி, அனுமதி கேட்டவர்தான் டோக்கனையும் வாங்குகிறார் என்று உறுதிசெய்யும் முறை, ஆர்எஃப்சி 7636, 2015. ஒரு ரகசியச் சரம் உருவாக்கி, அதன் ஷா-256 ஹேஷை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, டோக்கன் வாங்கும்போது மூலச் சரத்தைக் காட்ட வேண்டும். சரத்தின் நீளம் 43 முதல் 128 எழுத்து. கிரிப்டோவிலிருந்து 32 பைட் எடுத்து பேஸ்64யூஆர்எல் ஆக்கினால் மிகச் சரியாக 43 வரும். இங்கேயும் அக்கா சொன்ன மாதிரி ஓரத்துக் குறிகள்தான் வில்லன்: சாதாரண பேஸ்64-ல் வரும் + என்பது - ஆக வேண்டும், / என்பது _ ஆக வேண்டும், கடைசியில் ஒட்டும் = குறியை நீக்க வேண்டும். இந்த ஆர்எஃப்சியின் பின்னிணைப்பிலும் ஒரு முழு உதாரணம் இருக்கிறது, அதை டெஸ்டாக வையுங்கள்.

அடுத்தது ஸ்கோப், அதாவது கருவி எதையெல்லாம் செய்யலாம் என்ற அனுமதிகள். அது இடைவெளியால் பிரித்த பட்டியல், காற்புள்ளியால் அல்ல. வரிசை முக்கியமில்லை, எழுத்தின் பெரியது சிறியது முக்கியம். நீங்கள் கேட்டதும் சர்வர் கொடுத்ததும் வேறாக இருக்கலாம், கொடுத்ததைச் சேமியுங்கள். அனுமதி கொடுத்த பிறகு பயனர் திரும்பி வரும் ரீடைரக்ட் முகவரியை ஒப்பிடும்போது சரத்தோடு சரம் அப்படியே பொருந்த வேண்டும். 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700 இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முன்பகுதி பொருந்தினால் போதும் என்று எழுதிய ஹெல்ப்பர் வழியாகத்தான் டோக்கன்கள் திருடுபோயிருக்கின்றன.

எச்டிடிபிஎஸ்-தானா என்று பார்க்கும் ஹெல்ப்பர் ஒன்று கட்டாயம் வையுங்கள். பைத்தானின் ஓஆத்லிப் லைப்ரரியில் இது இருக்கிறது. உள்ளூர்ச் சோதனைக்காக அதை அணைக்க ஒரு சூழல் மாறியும் கொடுத்திருக்கிறார்கள். நீங்களும் அப்படி ஒன்று வைத்தால், நேரலையில் ஓடும் சர்வரில் அந்த மாறி இருந்தாலே கருவி கிளம்ப மறுக்கும்படி எழுதுங்கள்.

அனுமதி கேட்கும்போது அனுப்பிய ஸ்டேட் மதிப்பே திரும்பி வந்ததா என்று சரிபார்க்க நோட் தரும் டைமிங்சேஃப்ஈக்குவல் இருக்கிறது. இரண்டு பஃபரின் நீளம் வேறானால் அது பொய் என்று சொல்லாது, பிழை எறியும். அதனால் நீளத்தை முன்பே பார்த்துவிடுங்கள்.

1.0-லிருந்து அப்படியே கூட வருவது எஸ்கேப்தான், முகவரி கட்ட அது தேவைப்படும். அதோடு பதிவேட்டில் எழுதும் முன் ரகசியங்களை மறைக்கும் ஃபங்ஷன் ஒன்று இப்போதே எழுதிவிடுங்கள். 1.0-ல் பேஸ் ஸ்ட்ரிங்கை அச்சிட்டுப் பார்ப்பதில் பெரிய ஆபத்தில்லை, இரண்டு ரகசியங்களும் அதில் இல்லை. 2.0-ல் ஆத்தரைசேஷன் ஹெடரை அச்சிட்டால் சாவியையே அச்சிட்ட மாதிரி. டோக்கன், ரிஃப்ரெஷ் டோக்கன், கிளையன்ட் ரகசியம், பிக்ஸியின் மூலச் சரம், திரும்பி வரும் முகவரியில் உள்ள கோட், இந்த ஐந்து பெயர்களையும் அந்த ஃபங்ஷன் எங்கே கண்டாலும் மறைக்க வேண்டும். கேட்ச் பகுதியில் முழுக் கோரிக்கையையும் அச்சிடும் வரி எங்காவது இருந்தால் முதலில் அதைப் போய் எடுங்கள்.